தானியங்கி வெல்டிங்கும் கிரீஸ் டப்பாவும்

வெல்டிங் வரலாறு என்று யார் எழுத உட்கார்ந்தாலும் அது நெருப்பின் வரலாறாகவே முடிந்துவிடுகிறது. 1880-களில் ரஷ்யாவின் பெனார்தோஸ் கார்பன் குச்சியில் ஆர்க் ஏற்றியது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் ஆஸ்கர் ஷெல்பெர்க் பூச்சு பூசிய ராடைக் கொண்டுவந்தது, அப்புறம் ஃப்ளக்ஸ், அப்புறம் வாயு, அப்புறம் லேசர்! படிக்கச் சுவையான கதைதான். ஆனால் 'தானியங்கி' என்ற சொல் வெல்டிங்கோடு ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து இன்னொரு வரலாறும் அதன் கூடவே ஓடி வருகிறது. அது ரேக், பினியன், ரோலர், பேரிங், கியர் பாக்ஸ் இவற்றின் வரலாறு. இவற்றைத் துடைத்து, கிரீஸ் வைத்து, போல்ட் முடுக்கிய ஃபிட்டர்களின் வரலாறு என்றும் சொல்லலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெயின்டனன்ஸ் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் இந்த இரண்டாவது வரலாற்றின் மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. பழைய மாணவ நண்பர்களும், இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கையால் வெல்டிங் செய்பவரின் மணிக்கட்டைக் கவனித்துப் பாருங்கள். ராடு கரையக் கரைய அதைக் கீழே இறக்குகிறார். இணைப்பின் வழியே நகர்த்துகிறார். தேவைப்பட்டால் இப்படியும் அப்படியும் லேசாக அசைக்கிறார். மூன்று வேலை, ஒரே கை. எந்திரத்துக்கு வந்தபோது இந்த மூன்றும் மூன்று தனித்தனி உறுப்புகளாகப் பிரிந்தன. கம்பியைத் தள்ளுவது ஃபீட் ரோலர், நகர்த்துவது டிராக்டரின் சக்கரம் அல்லது வேலைப் பொருளையே சுழற்றும் ரொட்டேட்டர், அசைப்பது ஆஸிலேட்டர். வெல்டரின் கைக்குக் கண்ணும் மூளையும் துணை. பாதையில் மேடு வந்தால் கை தானே சரிசெய்துகொள்ளும். பல்சக்கரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதில் இருக்கும் தேய்மானம் அப்படியே வெல்டில் பதியும்.

இது எவ்வளவு தூரம் பதியும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 500 ஆம்பியர், 30 வோல்ட், நிமிஷத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குப் போகும் வெப்பம் 1.8 கிலோஜூல். கரண்டையும் வோல்ட்டையும் தொடவே இல்லை. சக்கரம் வழுக்கி வேகம் மட்டும் 400-க்கு இறங்குகிறது. வெப்பம் 2.25 கிலோஜூல் ஆகிவிடும், அதாவது கால் பங்கு அதிகம். உறுதியும் கடினத்தன்மையும் கணக்கிட்டு வாங்கிய இரும்புக்கு இது சாதாரண விஷயமில்லை. மீட்டரைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். தப்பு சக்கரத்தில்.

தானியங்கி ஆர்க் வெல்டிங் 1920-இல் வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் பி.ஓ. நோபல் என்பவர் செய்தது. வெறும் கம்பியை மோட்டார் கீழே தள்ளும். ஆர்க்கின் வோல்டேஜைப் பார்த்து மோட்டார் தன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, அந்த எந்திரத்துக்கு முதலில் கிடைத்த வேலை. தேய்ந்துபோன மோட்டார் ஷாஃப்டுகளையும், தேய்ந்த கிரேன் சக்கரங்களையும் உலோகம் ஏற்றிச் சரிசெய்வதற்குத்தான் அதைப் பயன்படுத்தினார்கள்! மோட்டார் கார் தொழிலில் பின் ஆக்ஸில் கூடு செய்ய அது போனதும் உண்டு. ஆக, தானியங்கி வெல்டிங் பிறந்ததே மெயின்டனன்ஸ்காரன் வீட்டில் என்று நம் ஆட்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஃப்ளக்ஸுக்கு அடியில் மறைந்து எரியும் ஆர்க், அதாவது சப்மெர்ஜ்டு ஆர்க். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மெக்கீஸ்போர்ட்டில் ஒரு குழாய் ஆலைக்காக உருவானது. 1930-இல் பேடண்ட் ஆகி, பிறகு 'யூனியன்மெல்ட்' என்ற பெயரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கப்பல் தளங்களிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் ஓடியது. வெளிச்சம் கண்ணைக் குத்தாது, பொறி பறக்காது, ஒரே ரன்னில் கனமான வெல்ட் விழும். வெல்டருக்குச் சுகம். ஃபிட்டருக்கோ புதிய தலைவலி. அந்த ஃப்ளக்ஸ் கண்ணாடி போன்ற பொடி. உருகி இறுகிய கசடும் நொறுங்கினால் அதே ரகம்தான். டிராக்டரின் சக்கரத்தடியில், ரேக்கின் பல்லிடுக்கில், ஸ்லைடில் எங்கே விழுந்தாலும் எமரித் தாள் வேலை செய்யும். அங்கே நல்ல மனசோடு ஒருவன் கிரீஸை அப்பினால் போச்சு! கிரீஸும் பொடியும் சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். அதனால்தான் திறந்த ரேக்குகளை உலர்வாகவே வைத்துக்கொண்டு, வேண்டுமானால் கிராஃபைட் அல்லது மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர் மசகு மட்டும் பூசும் பழக்கம் வந்தது. காற்றுக் குழாயைப் பிடித்து 'புஸ்' என்று ஊதுவதும் அதே மாதிரி நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல்தான். பார்க்கச் சுத்தமாகிவிடும், பொடி பேரிங்கின் சீலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பிரஷ்ஷும் பனியன் வேஸ்ட்டும் மெதுவான வழி. ஆனால் அதுதான் வழி.

சோவியத் நாட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யெவ்கெனி பாட்டன் பாலங்கள் கட்டிய பொறியாளர். அறுபதை நெருங்கும் வயதில் வெல்டிங் பக்கம் திரும்பி, 1934-இல் கீவ் நகரில் ஒரு வெல்டிங் ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். 1941-இல் ஜெர்மானியப் படையெடுப்பு வந்ததும் கழகம் யூரல் மலைப் பக்கம் நிஷ்னி தகில் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே டி-34 டாங்கிகளின் உடலைத் தானியங்கி முறையில் வெல்டிங் செய்ய வேண்டும். கை தேர்ந்த வெல்டர்கள் போதவில்லை. எந்திரத்தின் அருகே நின்றவர்களில் பலர் பெண்களும் பள்ளி வயதுப் பிள்ளைகளும். வோல்டேஜைப் பார்த்துக் கம்பியின் வேகத்தை மாற்றும் பழைய வகைத் தலைப்பகுதி நுணுக்கமானது, அடிக்கடி பழுதாவது. குளிரிலும் தூசியிலும் அதைப் பராமரிக்க ஆளும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை.

1942-இல் அந்தக் கழகத்தைச் சேர்ந்த டியாட்லோவ் ஒன்றைக் கண்டறிந்தார். ஃப்ளக்ஸுக்கு அடியில் மின்னோட்ட அடர்த்தி போதிய அளவு இருந்தால் ஆர்க் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஆர்க் குறுகினால் கரண்ட் ஏறும், கம்பி வேகமாக உருகும், இடைவெளி பழையபடி வந்துவிடும். நீண்டால் எதிர்மாறாக நடக்கும். அப்படியென்றால் கம்பியை ஒரே சீரான வேகத்தில் தள்ளினாலே போதும் அல்லவா? வோல்டேஜைக் கண்காணிக்கும் சிக்கலான ஏற்பாட்டைத் தூக்கிவிட்டு எளிய மோட்டாரையும் கியரையும் வைத்துத் தலைப்பகுதியைச் செய்தார்கள். பழுது குறைந்தது, பழகுவது சுலபமாயிற்று. பாட்டன் 1953 ஆகஸ்டில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் திறந்த, முழுவதும் வெல்டிங்கால் இணைத்த கீவ் பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பாடப்புத்தகங்கள் டியாட்லோவின் கண்டுபிடிப்பை மின்னியல் வெற்றியாகப் பாராட்டும். அது சரிதான். நான் சேர்த்துக்கொள்ள விரும்புவது அதன் மறுபக்கம். பழைய ஏற்பாட்டில் ரோலர் கொஞ்சம் வழுக்கினாலும் வோல்டேஜைப் பார்க்கும் மோட்டார் அதை ஈடுகட்டப் பார்க்கும். சீரான வேக முறையில் அப்படி யாரும் ஈடுகட்ட மாட்டார்கள். கம்பி போகும் வேகம்தான் கரண்டையே நிர்ணயிக்கிறது. ரோலரின் பள்ளம் தேய்ந்து கம்பி வழுக்கினால் கரண்ட் இறங்கும், ஊடுருவல் குறையும். மேலே பீட் பார்க்க அழகாகவே இருக்கும். எக்ஸ்ரேயில்தான் குட்டு வெளிப்படும். பள்ளம் தேய்ந்தது தெரியாமல் ஸ்பிரிங்கை மேலும் மேலும் முடுக்கினால் கம்பி நசுங்கும், கம்பியின் செம்புப் பூச்சு உதிர்ந்து லைனரை அடைக்கும், வழுக்கல் இன்னும் கூடும். மின்சாரப் பக்கம் எதையெல்லாம் எளிமையாக்கினார்களோ, அதன் பொறுப்பு முழுவதும் ஒரு விரல் அகல ரோலரின் தலையில் வந்து விழுந்தது. இந்தக் கதை அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப நடந்தது.

இன்னொரு சங்கடம் வேகத்தைப் பற்றியது. நிமிஷத்துக்கு 500 மில்லிமீட்டர் என்பது வினாடிக்கு எட்டு மில்லிமீட்டர்தான், ஆமை நடை. வேகமாகச் சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் தானே ஒரு படலமாக ஏறிக்கொள்ளும். இந்த ஆமை நடையில் ஸ்லைடில் அந்தப் படலம் சரியாக நிற்காது. உலோகம் உலோகத்தைப் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். நகர்வு விட்டு விட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது, வெல்டின் மேல் அலை அலையாகத் தெரியும். மெஷின் டூல் ஸ்லைடுகளுக்கென்று ஒட்டும் தன்மையுள்ள தனி எண்ணெய் வந்ததே இதற்காகத்தான். 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் ஒரு குழு அறிக்கை தந்தது. உராய்வையும் தேய்மானத்தையும் மசகையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண்டு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டது. 'டிரைபாலஜி' என்ற சொல்லை உலகம் அறிந்ததும் அதிலிருந்துதான். நம்மில் பலருக்கு அது விருப்பப் பாடமாக வந்து, பலர் எடுக்காமல் விட்டது!

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1955-இல் பெரம்பூரில் ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1965-இல் திருச்சி திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு உயர் அழுத்த பாய்லர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது; அங்கேயே 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. அதைச் சுற்றித் துவாக்குடி வரைக்கும் சிறிய பட்டறைகள் முளைத்தன. பாய்லர் டிரம், குழாய்ச் சுவர், பிரஷர் வெசல் என்று நம் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் இவை.

டிரம் போன்ற உருளைகளை வெல்டிங் செய்ய, தலைப்பகுதி ஒரே இடத்தில் நிற்க, ரொட்டேட்டர் உருளையைச் சுழற்றும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுச் சுற்ற, முன் சொன்ன வேகத்தில் பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். கனமான சுவரென்றால் இப்படி எத்தனையோ சுற்று. இதில் ரோலர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். ஒன்று கோணினாலும் டிரம் சுழன்றுகொண்டே பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும், திருகு மரையில் நட் ஏறுவது போல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் வேண்டாம், ஒரு பட்டறையில் இந்தப் பிரச்சினை பத்து நாள் ஓடியது. ஆர்க் பள்ளத்தை விட்டு விலகுகிறது என்று கன்ட்ரோல் பேனலைப் பிரித்து மேய்ந்தார்கள். கார்டு மாற்றினார்கள். கம்பெனி ஆளை வரவழைத்தார்கள். கடைசியில் வயதான ஃபிட்டர் ஒருவர் சாக்பீஸ் கேட்டார்.

"எதுக்கண்ணே சாக்பீஸ்?"

"ஆர்க் எங்கயும் போகல சார். டிரம்தான் நடக்குது. கோடு போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்."

டிரம்மின் ஓரத்தில் ஒரு கோடு, ரோலர் ஸ்டாண்டிலிருந்து ஒரு குறிமுள். ஒரு சுற்று முடிந்ததும் கோடு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றது. மோட்டார் இல்லாத பக்கத்து ரோலரில் அடி போல்ட் ஒன்று தளர்ந்து, கீழே வைத்திருந்த ஷிம் நழுவியிருந்தது. ஷிம்மை வைத்து முடுக்கி, டயல் கேஜ் வைத்துப் பார்த்து முடிக்க அரை நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் வெட்டி எடுத்து மறுபடி போட்ட வெல்டின் செலவை யார் கணக்கில் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே வேண்டாம். ஃபிட்டரின் பெயர் எந்த அறிக்கையிலும் வரவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அதே அண்ணன் கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம் எர்த் பற்றியது. சுழலும் டிரம்மிலிருந்து கரண்ட் திரும்பிப் போக வேண்டும். அதற்கென்று உள்ள சுழல் எர்த் தேய்ந்தோ அழுக்கடைந்தோ இருந்தால், கரண்ட் சும்மா நிற்காது. ரோலர், பேரிங், கியர் பாக்ஸ் என்று கிடைத்த வழியில் போகும். குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே பொடிப் பொடிப் பொறியாகத் தாவி, பாதையில் சலவைப் பலகை மாதிரி வரி போட்டுவிடும். ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "கரகரங்குது சார், எர்த்தைப் பாருங்க" என்பார். பேரிங்கை மாற்றுங்கள் என்று சொல்லமாட்டார். காரணத்தை விட்டுவிட்டு பேரிங்கை மாற்றினால் புது பேரிங்கும் அதே வழியில்தான் போகும்.

ரோபோவின் வரலாற்றிலும் இதே பொறுப்பு மாற்றம் நடந்தது. முதல் யூனிமேட் 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சேர்ந்தது, வார்ப்பு வேலைக்கு. 1969-இல் ஒஹையோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் ஆலையில் யூனிமேட்டுகள் கார் உடல்களுக்கு ஸ்பாட் வெல்டிங் செய்தன. அவை எண்ணெய் அழுத்தத்தில் ஓடியவை. ஸ்பாட் வெல்டிங்குக்குப் புள்ளிக்குப் புள்ளி போய் நின்றால் போதும். நடுவழியில் கை எப்படி ஆடினாலும் கவலை இல்லை. ஆர்க் வெல்டிங்குக்கோ வழி முழுவதும் சீராக இருக்க வேண்டும். அது மின் மோட்டார் ரோபோக்கள் வந்த பிறகே பரவலாயிற்று. 1974-இல் சுவீடனின் ஆசியா நிறுவனத்து ஐ.ஆர்.பி. 6, 1977-இல் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்து மோட்டோமேன் எல்-10 ஆகியவை அந்த வரிசையில் முன்னோடிகள்.

மோட்டாரின் அதிவேகத்தைக் கையின் மெதுவான அசைவாக, 'ப்ளே' இல்லாமல் மாற்றிக் கொடுத்தது ஹார்மோனிக் டிரைவ். அமெரிக்கரான வால்டன் மஸ்ஸர் 1950-களில் கண்டுபிடித்தது. வளையக்கூடிய மெல்லிய எஃகுக் கிண்ணத்தில் 200 பல், வெளி வளையத்தில் 202 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டக் கரு ஒன்று உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினால் கிண்ணம் இரண்டு பல் மட்டும் நகரும். நூறு சுற்றுக்கு ஒரு சுற்று! 1971-இல் அப்போலோ 15 கொண்டுபோன நிலவு வண்டியின் சக்கரங்களில் இருந்ததும் இதுவே. ஆனால் அந்தக் கிண்ணம் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்துகொண்டே இருக்கிறது. அதற்குச் சொன்ன கிரீஸ் தவிர வேறு கிரீஸ் ஒத்துக்கொள்ளாது. இருக்கிற கிரீஸில் வேறு வகையைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து இளகி ஓடிவிடுவதும் உண்டு. கியர் பாக்ஸுக்குப் புது கிரீஸ் அடிக்கும்போது பழையது வெளியேறும் துளையின் மூடியைத் திறக்க வேண்டும். மறந்தால் அழுத்தத்தில் சீல் பிதுங்கி கிரீஸ் மோட்டாருக்குள்ளேயே போய்விடும். "நிறைய வச்சா நல்லதுதானே சார்" என்பது சாம்பாருக்கு நெய் ஊற்றுகிறவர்கள் பேச்சு, ரோபோவுக்குப் பொருந்தாது. வடித்த கிரீஸில் இரும்புத் துகள் எவ்வளவு என்று சோதித்து, பிரிக்காமலே உள்ளே தேய்மானம் என்ன நிலை என்று பார்க்கும் முறையும் இப்போது வழக்கத்தில் இருக்கிறது.

எந்திரத்தை ஓட்டுகிறவரே அதைத் துடைத்துச் சோதிக்க வேண்டும் என்ற டி.பி.எம். முறை, ஜப்பானின் நிப்பான்டென்சோ நிறுவனத்தில் 1971 வாக்கில் உருப்பெற்றது. இங்கே அது வந்தபோது பெரிய பெரிய போர்டுகளோடு வந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் நம் பட்டறைகளில் நடப்பது வேறென்ன? மெஷினின் மூலை முடுக்கெல்லாம் துடைக்கும்போதுதான் விரிசல் விட்ட பிராக்கெட்டும், தலை காணாமல் போன போல்ட்டும் கைக்குத் தட்டுப்படும். வருஷத்துக்கு ஒரு நாள் என்பதுதான் குறை. சந்தனத்தை மட்டும் தயவுசெய்து டிராக்டரின் ரயில் மேல் வைக்காதீர்கள். காய்ந்ததும் அதுவும் மேடுதான்!

ஓடாமல் நிற்கும் எந்திரம் கெடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2010-களின் நடுவில் அனல் மின் நிலைய ஆர்டர்கள் குறைந்து திருச்சி வட்டாரத்துச் சிறு பட்டறைகள் தள்ளாடியபோது, அந்த நம்பிக்கை பொய்த்ததை நேரில் பார்த்தேன். நின்றுபோன ரேக்கில் துரு ஏறியது. கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வடிந்து, மிச்சம் சோப்பாக இறுகியது. பக்கத்து மெஷினின் அதிர்வில் அசையாத பேரிங்குகளில் குண்டு இருந்த இடமெல்லாம் குழி விழுந்தது. பாதி முடிந்த கனமான உருளையை ரொட்டேட்டர் மேலேயே விட்டுவிட்டுப் போன இடங்களில் பாலியூரித்தேன் ரோலர்கள் அழுந்தித் தட்டையாயின. வாரத்துக்கு ஒரு தரம் அந்த உருளையைக் கால் சுற்றுச் சுற்றி வைத்தால் தீர்ந்தது. ஒருவர் பத்து நிமிஷம் செய்யும் வேலை. ஆர்டர் இல்லாத காலத்தில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அந்த ஒருவர்தான். பிறகு ஆர்டர் வந்தபோது, தட்டையான ரோலரில் உருளை ஒவ்வொரு சுற்றிலும் 'தொம், தொம்' என்று குதித்தது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் முதல் ஐந்து வாரம் ரோலர் மாற்றுவதிலேயே போயிற்று. மாற்றிக் கொடுக்க வந்தவர் அவர்கள் அனுப்பிவிட்ட அதே ஃபிட்டர், இந்தத் தடவை தினக்கூலிக்கு.